அவிழ்க்கக் கூடாத கட்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் மிக நன்றாகப் படித்த பிள்ளைகள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் பள்ளிக்கூடத்துக்கு வராதவர்கள்.

பிழைப்புத் தேடி ஸ்ரீரங்கத்துக்கு வந்து, கொள்ளிடக் கரைப் பக்கம் ஒன்றிரண்டு வருடம் இருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். ஆள் போய்விட்டது, பெயர் மட்டும் எங்கள் பதிவேட்டில் தங்கிவிட்டது. தலைமையாசிரியை அதை நீக்கவில்லை. நீக்கினால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால், அவரும் நானுமாக இரண்டே பேர் பாடம் நடத்தும் அந்த அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒருவர் உபரி ஆகிவிடுவார். உபரியானவரைப் ‘பணி நிரவல்’ என்று அழகாகப் பெயர் சொல்லி மாவட்டத்தின் ஏதாவது ஒரு மூலைக்குத் தூக்கி அடிப்பார்கள். பணியில் இளையவள் நான். ஆக, அந்த ஆறு பேய்ப் பிள்ளைகளின் தயவில்தான் தில்லை நகர் வீட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி சொகுசாக ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

தினமும் காலையில் செல்போன் ஆப்பில் வருகையைப் பதிய வேண்டும். அந்த ஆறு பேரும் ஒருநாள் விடாமல் வந்துகொண்டே இருந்தால் சந்தேகம் வருமே என்று தலைமையாசிரியை அவ்வப்போது அவர்களுக்குக் காய்ச்சல் வரவழைப்பார். சமயபுரத்தில் பூச்சொரிதல் நடந்த சமயம் ஒரு பையனுக்கு அம்மைகூடப் போட்டிருந்தது. நிஜமாக வருகிற பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த அம்மாள் இவ்வளவு அக்கறை காட்டி நான் பார்த்ததில்லை.

படிப்பிலும் ஆறு பேரும் கெட்டி. ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் படிக்கிறது என்று ஆப்பில் குறிக்க வேண்டும். எழுத்தே தெரியாதது அரும்பு, கொஞ்சம் தெரிந்தது மொட்டு, வகுப்புக்கு ஏற்றபடி படிக்கிறது மலர். வராத பிள்ளைக்கு என்ன போடுவது? அரும்பு போட்டால் ஏன் முன்னேற்றம் இல்லை என்று மேலேயிருந்து கேள்வி வரும். மலர் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். மலர் போட்டோம். பிறகு அதே விரலால் வருகிற பிள்ளைகளுக்கும் மலர் போட்டோம். ‘கடன் வாங்கிக் கழித்தல்: அடைந்தார்’, ‘சரளமாக வாசித்தல்: அடைந்தார்’ என்று வரிசையாகக் கேட்கும், வரிசையாகத் தட்ட வேண்டும். ஸ்ரீரங்கத்தில் இரங்கல் சுவரொட்டியில் ஒருவர் ‘அடைந்தார்’ என்றால் அது திருவடியைத்தான். எங்கள் வகுப்பின் படிப்பும் அந்த வகையில்தான் அடைந்துகொண்டிருந்தது. வீட்டு சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி ஓட ஓட, மூன்றாம் வகுப்பு முழுவதையும் ஒரே மூச்சில் கரையேற்றியிருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளுக்குப் பழமொழி சொல்லிக் கொடுப்பவளும் நான்தான்.

ஆப்பில் இன்னொரு பக்கம் உண்டு. பிள்ளையின் சாதி, மதம், ரத்த வகை, தந்தையின் தொழில், தாயின் தொழில். தந்தை தொழில் என்ற இடத்தில் நாங்கள் எல்லோருக்கும் ‘கூலி’ என்று போட்டுவிடுவோம். பூக்கடையில் மாலை கட்டுகிறவர், பரோட்டா மாஸ்டர், பெயிண்ட் அடிக்கிறவர், வடக்கேயிருந்து வந்து பானிபூரி வண்டி தள்ளுகிறவர், அம்மா மண்டபப் படித்துறையில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவர், அத்தனை பேரும் எங்களுக்குக் கூலி. தாய் தொழில் ‘இல்லத்தரசி’. ஐந்து அபார்ட்மென்டில் பாத்திரம் தேய்ப்பவளும் இல்லத்தரசி, கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பவளும் இல்லத்தரசி. கேட்டுப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வாசலில் வந்து நிற்கும் அம்மாக்களை நான் ‘என்னம்மா, வா, போ’ என்றுதான் பேசுவேன். அவர்கள் என்னை ‘சொல்லுங்க டீச்சர்’ என்பார்கள். இது இயற்கை நியதி என்றே நினைத்திருந்தேன்.

பள்ளியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் சித்திரை வீதி. அங்கேயிருந்து ஒரு பிள்ளைகூட எங்களிடம் கிடையாது. காலை ஏழரை மணியிலிருந்து மஞ்சள் வேன்கள் வரிசையாக வந்து, டை கட்டிய பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் சுதந்திர தினத்தன்று அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தவறாமல் வருவார். தன் படம் அச்சடித்த நோட்டுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். “அடியேனுக்கு அக்ஷராப்யாசம் ஆனது இந்தப் பள்ளிக்கூடத்திலேதான். எம்பெருமான் கடாக்ஷம், இன்னிக்கு என் பேரன் அமெரிக்காவிலே இருக்கான்,” என்று குரல் தழுதழுக்கச் சொல்வார். பேரன் எந்தப் பள்ளியில் படித்துவிட்டு அமெரிக்கா போனான் என்று சொல்ல மாட்டார். பிள்ளைகள் மிட்டாய் எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்கும். நாங்கள் கைதட்டுவோம்.

தலைமையாசிரியையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலை உணவு நேரத்தில் முதல் தட்டு உப்புமாவைச் சுவை பார்க்க வேண்டியது அவர் கடமை. அந்தக் கடமையில் மட்டும் அவர் ஒருநாளும் தவறியதில்லை. ஏப்பம் விட்டுக்கொண்டே, “இதுங்க எல்லாம் சோத்துக்குத்தான் டீச்சர் வருதுங்க, படிப்புக்கா வருது?” என்பார். தன் இரண்டு பிள்ளைகளையும் தனியார் பள்ளியில் படிக்கவைத்து இன்ஜினீயர் ஆக்கியவர். மேடையில் ஏறினால் ‘அரசுப் பள்ளியே நம் பெருமை’ என்று அரைமணி நேரம் பேசுவார். ஊருக்குத்தான் உபதேசம்.

அவரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பையன் மட்டும் எங்கே படித்தான்? சமயபுரம் போகும் சென்னை சாலையில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில், ஸ்மார்ட் போர்டும் நீச்சல் குளமும் இருக்கும் பள்ளியில், மூன்றாம் வகுப்பு. காலையில் அவன் வேன் ஏறும்போது நான் அடுப்படியில் இருப்பேன். என் வீட்டுக்காரர்தான் தெருமுனைக்குக் கூட்டிப்போய் ஏற்றிவிடுவார், மாலையிலும் அவர் அப்பா அம்மாவில் ஒருவர் போய் இறக்கிக்கொள்வார்கள். ஸ்ரீரங்கம் வழியாகப் போகும் அந்த வேனில் யார் இருக்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

அந்த வருடம் ஏப்ரலில் மாணவர் சேர்க்கை ஊர்வலம் நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. பிள்ளை பிடிக்கும் ஊர்வலம். முன்னால் பறையடிக்க இரண்டு பேர், பின்னால் ‘உங்கள் குழந்தைகளை அரசுப் பள்ளியில் சேருங்கள்’ என்ற பேனர், அதற்குப் பின்னால் தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள். வெயில் ஏறும் முன்பு என்று எட்டு மணிக்கே கிளப்பிவிட்டார்கள். பேனரின் ஒரு கம்பு தலைமையாசிரியை கையில், இன்னொன்று என் கையில். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் தலைமையாசிரியை கம்பை ஒரு பெரிய பையனிடம் கொடுத்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்.

தெரு குறுகல். பின்னால் பள்ளி வேன்கள் வந்து மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. திரும்பிப் பார்த்தேன். முதல் வேனின் ஜன்னலில் என் பையன் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. கையை ஆட்டி ஏதோ கத்தினான். ஹாரனிலும் பறையிலும் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் என்ன கத்துகிறான் என்று எனக்கா தெரியாது? சட்டென்று பேனருக்குப் பின்னால் போய் முகத்தை மறைத்துக்கொண்டேன். வேன் எங்களை ஒதுக்கிக்கொண்டு தாண்டிப் போகும்வரை வெளியே வரவில்லை. ‘உங்கள் குழந்தைகளை’ என்ற எழுத்துக்குப் பின்னால் என் முகம் இருந்தது என்று நினைக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

அன்று மாலையே வீடு வீடாகப் போனோம். தலைமையாசிரியை இரண்டு வீட்டோடு முட்டி வலி என்று உட்கார்ந்துவிட்டார். கொள்ளிடக் கரைப் பக்கத்து வரிசை வீடுகளில் ஒன்றில், எட்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை வாசலில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலில் மண்ணை நிரப்பிக்கொண்டிருந்தது. அதன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். ஒல்லியான உடம்பு, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். கொடியில் ஏதோ சீருடைக் கோட்டு ஒன்று உள்பக்கம் வெளியே தெரிய காய்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஆயாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தில்லை நகர் ஆஸ்பத்திரிகளுக்கு அந்தத் தெருவிலிருந்து நிறையப் பேர் வேலைக்குப் போகிறார்கள்.

குழந்தை அதுவரை பக்கத்தில் ஒரு சின்ன இங்கிலீஷ் நர்சரிப் பள்ளியில் படித்திருக்கிறது. அந்த வருடத்தோடு அதை மூடப் போகிறார்கள். அந்தப் பள்ளிகளை எனக்குத் தெரியும். மாடிப் படிக்குக் கீழே ஒரு வகுப்பு, கக்கூஸுக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பு, எல்லா வகுப்பிலும் மழையே போ என்று இங்கிலீஷில் பாட்டு. பிள்ளைக்கு ஏ ஃபார் ஆப்பிள் வரும், ‘ஆடு’ என்று எழுத வராது.

இலவசப் புத்தகம், சீருடை, காலை டிபன், மதியச் சாப்பாடு, ஆங்கில வழி வகுப்பு என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“உங்க புள்ள எங்க படிக்குது டீச்சர்?”

இந்தக் கேள்வி வரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு பதில் வைத்திருப்போம். தலைமையாசிரியை ‘என் பசங்க பெரியவங்க ஆயிட்டாங்கம்மா’ என்று தப்பித்துக்கொள்வார். நான் கூசாமல் சொன்னேன்.

“கவர்மென்ட் ஸ்கூல்லதாம்மா. உறையூர்ல.”

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். “அப்படிங்களா,” என்றாள். பிறகு, “சரிங்க டீச்சர். ஸ்கூல் தொறந்ததும் கொண்டாந்து சேத்துடறேன்,” என்றாள். சொன்னபடியே ஜூனில் கொண்டுவந்து சேர்த்தாள். வாயைப் பார்த்து ஏமாறுகிற ஜனங்கள் என்று அவளைப் பற்றி அன்றைக்கு நினைத்தேன். தாய் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று தட்டினேன்.

அந்தப் பெண் என் மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தது. சத்தமே போடாது. சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளை, நல்ல பிள்ளையைக் கவனிக்க வேண்டியதில்லை என்பது எங்கள் தொழில் தர்மம். நோட்டைக் கொண்டுவந்து நீட்டினால் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, டிக் அடித்து, ‘நன்று’ போட்டு அனுப்பிவிடுவேன்.

அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் மட்டும் பள்ளிக்கு உயிர் வரும். எங்களிடம் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெட்டி இருந்தது. அரசாங்கம் கொடுத்தது. அதில் மணிச்சட்டம், பகடை, பிறகு ஒன்றுகள் பத்துகள் சொல்லிக்கொடுக்கக் குச்சிகள். பத்துப் பத்துக் குச்சியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு, மிச்சம் உதிரி. தலைமையாசிரியை அதை பீரோவில் பூட்டி வைத்திருப்பார். அதிகாரி வருகிற அன்று காலை வெளியே எடுத்து, மேசைமேல் பூப்போட்ட துணி விரித்து, ‘கணித மூலை’ என்று எழுதி அடுக்குவோம். கட்டுகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே வரிசையில், கல்யாண வீட்டுச் சீர்த்தட்டு மாதிரி இருக்கும். யாரும் தொடக் கூடாது. ஒருமுறை ஒரு பையன் ஒரு கட்டை அவிழ்த்து, குச்சிகள் தரையெல்லாம் சிதறிவிட்டன. அதிகாரி வண்டி சந்து திரும்புகிற சமயம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் தலையில் நறுக்கென்று குட்டினேன். “கட்ட அவுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றது?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். அதன்பிறகு அந்தச் சத்தம் போடாத பெண்ணை மேசைக்குக் காவல் போட்டேன். “எவனாவது கட்ட அவுத்தா எங்கிட்ட வந்து சொல்லு,” என்றேன். அவள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் சிப்பாய் மாதிரி நின்றாள். அதிகாரி மேசையைப் போட்டோ எடுத்தார், மேசையோடு தன்னையும் எடுத்துக்கொண்டார், முதல் வரிசையில் நாங்கள் தயாராக உட்காரவைத்திருந்த இரண்டு பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், “வெரி குட்” என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். கட்டுகள் கலையாமல் பீரோவுக்குத் திரும்பின.

இதே சமயத்தில் என் பையனின் வேனில் ஒரு சம்பவம் நடந்தது. மாலையில் எல்லோரையும் இறக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு வேனைத் திருப்பியிருக்கிறார்கள். பின் சீட்டில் ஒரு சின்னக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப் கொதித்தது. வேன் ஆயா எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்லிவிட்டாளாம். எண்ணக்கூடத் தெரியாத ஒருத்தியை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று நானும் எழுதினேன். இங்கிலீஷில் எழுதினேன், அந்தக் குரூப்பில் தமிழில் எழுதினால் மதிப்பில்லை. கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. ஒரு ஆசிரியையாக அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஜனவரி கடைசியில் பெற்றோர் கூட்டம் வைத்தோம். மூன்று மணிக்கு. வேலைக்குப் போகிற எந்த அம்மாவும் வர முடியாத நேரம். வந்த நாலு பேருக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கையெழுத்து வாங்கி, வராதவர்கள் கையெழுத்துக்கு இடம் விட்டு, போட்டோ எடுத்து முடித்தோம். தலைமையாசிரியை கிளம்பிவிட்டார். நான் டீ கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். அந்தப் பெண்ணின் அம்மா. வேலையிலிருந்து நேராக ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. மகளைப் பள்ளி வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

“கூட்டம் முடிஞ்சு போச்சும்மா. இங்க ஒரு கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போ,” என்றேன்.

அவள் பேனாவை வாங்கவில்லை. பையிலிருந்து மகளின் கணக்கு நோட்டை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தாள். நாற்பத்தொன்றிலிருந்து பதினெட்டைக் கழித்து முப்பத்தேழு என்று எழுதியிருந்தது. பக்கத்தில் என் சிவப்பு டிக். கீழே ‘நன்று’. அந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான்.

“இது தப்புங்க டீச்சர்,” என்றாள்.

“அவசரத்துல பாத்திருப்பேன். நிறையப் பிள்ளைங்க...”

“ஒண்ணு ரெண்டு இல்லீங்க. நோட்டு பூரா இப்படித்தான் இருக்கு. எங்க வேன்ல முப்பத்திரண்டு புள்ளைங்க. ஸ்ரீரங்கத்துல பதினஞ்சு எறங்கிடும். மிச்சம் எத்தனைன்னு எம் பொண்ணக் கேட்டா, இருபத்திமூணுங்குது. பதினேழுதானே வரும்? இல்லாத ஆறு புள்ளைய நான் எங்க போய்த் தேடறது?”

ஆறு. எங்கள் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அபத்தமாகச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. அவள் ‘வேன்’ என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது. அவள் போட்டிருந்த நீலக் கோட்டைப் பார்த்தேன். மார்பில் தைத்திருந்த சின்னம் என் வீட்டில் தினமும் நான் இஸ்திரி போடும் சட்டையில் இருப்பது.

“நீங்க... எந்த வேன்?” என்றேன். வாயில் ‘ங்க’ தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

“உங்க பையன் வர்ற வேன்தாங்க. மூணாவது சீட்டு, ஜன்னலோரம். நல்ல புள்ளைங்க. எங்கம்மாவும் டீச்சர்தான் ஆயா, ஸ்ரீரங்கத்துலன்னு வாய் ஓயாம பேசும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அன்னிக்கு ஊர்வலத்துல நீங்க பேனருக்குப் பின்னாடி போயிட்டீங்க. எங்கம்மா எங்கம்மான்னு ஒரே கத்து. அப்புறம் அழ ஆரம்பிச்சிடுச்சு. அது உங்கம்மா இல்லப்பா, அதே கலர் புடவ கட்டுன வேற யாரோன்னு சொல்லி நான்தான் உக்கார வச்சேன்.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் இருந்த டீ கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தேன்.

“அப்ப அன்னிக்கு சாயந்தரம் நான் சொன்னப்பவே...”

“தெரியுங்க.”

“தெரிஞ்சுமா இங்க சேத்தீங்க?”

“வேற எங்க சேக்கறது? நான் ஆயாவா இருக்கற ஸ்கூல்லயா? உங்க புள்ளைக்கு வேணாம்னு நீங்க ஒதுக்கின எடம்தான் எங்களுக்கு. தெரிஞ்சுதான் சேத்தேன். அத நான் கேக்க வரல டீச்சர். சும்மா ரைட்டு போடாதீங்க, அதத்தான் கேக்கறேன். தப்புன்னா தப்புன்னு போடுங்க. நான் அஞ்சாவதோட நின்னவ. ஒரு தடவ எண்ணிக்கை தப்பிப் போயி நான் பட்டது போதும். எண்ணக்கூடத் தெரியாதவன்னு யாரோ எழுதியிருக்காங்க. டிரைவர் அண்ணன் படிச்சுக் காட்டுனாரு. நாளைக்கு எம் பொண்ண யாரும் அப்படி எழுதக் கூடாது.”

யாரோ என்றுதான் சொன்னாள். யாரென்று தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற தைரியமும் வரவில்லை. நோட்டை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, “போயிட்டு வரேங்க,” என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். கையெழுத்துப் போடவே இல்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறாள். எனக்கு உடனே வெட்கம் வந்தது என்று எழுதினால் அது இன்னொரு பொய். முதலில் வந்தது கோபம். வேன் ஆயாவுக்கு என்ன திமிர், எனக்கே கணக்குச் சொல்லித் தருகிறாளா என்று காவிரிப் பாலம் முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தேன். அவள் மகள் ஆகஸ்டிலேயே கடன் வாங்கிக் கழித்தலை ‘அடைந்துவிட்டாள்’. மாற்றலாம் என்று அழுத்தினேன். ஏற்கெனவே சமர்ப்பிக்கப்பட்டுவிட்டது, திருத்த இயலாது என்று வந்தது. என் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்று வேனில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சட்டையில் இருந்த சின்னத்தைப் பார்த்ததும்தான் வெட்கம் வந்தது. என் பிள்ளை அழுதபோது ஒரு பொய் சொல்லி அவனைத் தேற்றியவளிடம்தான் நான் போய் அந்த உறையூர்ப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மதியம் பீரோ சாவியை வாங்கி கணக்குப் பெட்டியை வெளியே எடுத்தேன். “என்ன டீச்சர், இன்னிக்கு யாரும் வரலையே?” என்றார் தலைமையாசிரியை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் தரையில் உட்காரவைத்து, அவள் முன்னால் மூன்று கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் வைத்தேன்.

“இது எத்தனை?”

“முப்பத்திரண்டு.” டக்கென்று சொன்னாள்.

“இதுலேர்ந்து பதினஞ்சு எடு.”

ஒரு கட்டை எடுத்துத் தள்ளி வைத்தாள். பிறகு இரண்டு உதிரிகளையும் தொட்டாள். நின்றுவிட்டாள்.

“அஞ்சு இல்ல டீச்சர்.”

“அப்ப நோட்டுல என்ன பண்ணுவ?”

“அஞ்சுலேர்ந்து ரெண்ட எடுத்துடுவேன்.”

“அது தலகீழ் ஆச்சே. ஏன் அப்படிப் பண்ற? இங்க ரெண்டு கட்டு இருக்கே, அதுலேர்ந்து எடுக்கக் கூடாதா?”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். மேசைக்குக் காவல் நின்ற அதே முகம், அதே பொறுப்பு.

“கட்ட அவுக்கக் கூடாதுல்ல டீச்சர். அவுத்தா நீங்க குட்டுவீங்க.”

வகுப்பில் மற்ற பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டின. அந்த வருடத்தில் நான் அவர்களுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். அதை மட்டும் எல்லோரும் அடைந்திருந்தார்கள்.

“அவுத்துடு,” என்றேன்.

அவள் தலைமையாசிரியையின் நாற்காலிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக ரப்பர் பேண்டைக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். குச்சிகள் தரையில் பரவின. அதிலிருந்து ஐந்தை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள். “பதினேழு,” என்று என் முகத்தைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினேன்.

அவள் நம்பவில்லை. குனிந்து, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.